அட்டையில் இருந்தது, கோப்பில் இல்லை

தம்பிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பள்ளியின் வள நிலையத்தை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், குளிர்சாதனம் பூட்டிய அறை, புதிதாக இரண்டு கணினிகள், மாணவர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்து படிக்க வட்ட மேசைகள் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். இன்னும் சில வருடங்களில் தொலைபேசிக் கம்பி வழியாகவே கோலாலம்பூர்ப் பெரிய நூலகத்தின் பட்டியலைத் தேடலாமாம், பழைய பத்திரிகைச் செய்தி வேண்டுமென்றால் ஒரு சொல்லைத் தட்டினால் போதுமாம், கல்வி இலாகாவிலிருந்து வந்த அதிகாரி சொன்னாராம். கடைசியில், "அப்பா, நீங்கள் போட்ட பாதையில்தான் நடக்கிறேன்" என்று முடித்திருக்கிறாய். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். வாழ்த்தை எதிர்பார்த்து உறையைப் பிரித்திருந்தால் ஏமாந்து போவாய். இதில் வாழ்த்து இல்லை.

உனக்கு மட்டும் அனுப்பினால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். மடித்து வைப்பதில் நாம் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். அதனால் ஒரு பிரதியை ஞாயிறு பத்திரிகையின் வாசகர் பக்கத்துக்கும் அனுப்புகிறேன். நம் பெயரைப் போடவில்லை. பள்ளியின் பெயரும் இல்லை. அந்தப் பெண்ணை அஞ்சலை என்று எழுதுகிறேன். அது அவளுடைய பெயர் அல்ல. உண்மைப் பெயர் உனக்குத் தெரியும். மறந்துவிட்டது என்று சொல்லாதே, அப்பாவிடம் அது செல்லாது.

அப்போது நான் ஈப்போவில் அந்த இடைநிலைப் பள்ளியின் நூலக ஆசிரியர். உங்களைப் போல் கணினி கிடையாது. ஒரு கலைக்களஞ்சியத் தொகுதி, நான்கு இரும்பு இழுப்பறைகள், ஒரு மரப்பெட்டி நிறைய அட்டைகள், அவ்வளவுதான். இழுப்பறைகளில் இருந்தவை பத்திரிகை நறுக்குகள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வந்த செய்திகளைக் கத்தரித்து, தாளில் ஒட்டி, ஓரத்தில் சிவப்பு மையில் தேதியும் எண்ணும் போட்டு, ரப்பர், ஈயம், வெள்ளம், தேர்தல், விபத்து என்று கோப்பு கோப்பாகப் பிரித்திருந்தேன். எந்தச் செய்தி எந்தக் கோப்பில் என்று அட்டையைப் பார்த்தால் தெரியும். ஆறாம் படிவப் பிள்ளைகள் கட்டுரை எழுத வருவார்கள். சரித்திர ஆசிரியர், புவியியல் ஆசிரியர் எல்லாரும் பாடம் தயாரிக்க என்னிடம்தான் வருவார்கள். மற்றப் பள்ளிகளிலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனது உண்டு. அந்த அறையின் சாவி என் இடுப்பில் தொங்கியது.

அந்த நறுக்குகளில் பாதி நம் குனோங் ராபாட் வீட்டுத் தரையில் உட்கார்ந்து நீயும் நானும் வெட்டியவை. பத்து வயதிலிருந்து உன்னை உட்கார வைத்தேன். மரவள்ளி மாவில் உன் அம்மா பசை காய்ச்சித் தருவாள். கோடு கோணினால் அடிமட்டக் கோலாலேயே உன் விரல் முட்டியில் போடுவேன். ஒரு தடவை நகம் கறுத்துப்போய் ஒரு வாரம் பேனா பிடிக்க முடியாமல் திரிந்தாய். அதையெல்லாம் நீ பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அடியில் வளர்ந்தவன் அடித்தவனை நியாயப்படுத்தக் கற்றுக்கொள்கிறான், தம்பி. எனக்கு என் அப்பா அப்படி. உனக்கு நான்.

என் அறைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஏ வகுப்பு மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பி வகுப்பு, ஆசிரியரின் சீட்டோடு வரலாம். சி வகுப்பு வரக்கூடாது. கிழித்துவிடுவார்கள், அழுக்காக்கிவிடுவார்கள், அவர்களுக்கு இது எதற்கு என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. சி வகுப்பில் இருந்தவர்களில் முக்கால்வாசி, ஈப்போவில் ஏழைகள் குடியிருக்கும் புந்தோங்கின் பிள்ளைகள், தோட்டத்துப் பிள்ளைகள். உனக்குச் சீட்டும் வேண்டாம், மணியும் வேண்டாம். நீ என் மகன்.

அஞ்சலை ஐந்தாம் படிவம் சி. உன் வயதுதான். பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், புந்தோங்கில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். ஒரு நாள் இடைவேளையில் என் கதவருகே வந்து நின்றாள்.

"சார், தோட்டத்து லாரி கவுந்த நியூஸ் இருக்குமா சார்? போன வருஷ கடைசி."

எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். தோட்டத்தில் காலைப் பெயர்கூப்பிடும் பிரட்டு முடிந்து, ஆட்களை ரப்பர்க் காட்டுக்கு ஏற்றிப்போன லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவர் அவளுடைய அப்பா. ஆனால் பெயர்ப்பட்டியல் எழுதுகிற தோட்டத்துக் கிராணி, அவர் அன்றைக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கவில்லை, சொந்தக் காரியமாக லாரியில் தொற்றிக்கொண்டு போனார் என்று எழுதிவிட்டார். அப்படியென்றால் அவர் வேலையில் சாகவில்லை. அப்படியென்றால் அவளுடைய அம்மாவும் இரண்டு தம்பிகளும் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மாவுக்கு நுரையீரலில் நோய், வேலைக்கு லாயக்கில்லை.

"யூனியன் ஆளு சொன்னாரு சார், பேப்பர்ல எல்லா பேரும் வந்துச்சு, வேலைக்குப் போற வழியிலன்னு போட்டிருந்துச்சு, அத கொண்டாந்தா பேசிப் பாக்கலாம்னு. எங்க லயத்துல யாரும் பேப்பர் வச்சுக்கல சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சி கிளாஸ் உள்ள வரக்கூடாது, சட்டம் தெரியும்லா?" என்றேன். போய்விட்டாள். மறுவாரம் மறுபடி வந்தாள். மறுபடி அதே பதில். அந்தப் பத்திரிகையின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடு, பழைய பிரதி கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதானே என் தொழில்? கேட்டு வந்தவருக்கு எங்கே கிடைக்கும் என்று சொல்வது. அதைக்கூடச் சொல்லவில்லை. அந்தச் செய்தியை என் கையால் வெட்டி ஒட்டிய ஞாபகம் எனக்கு இருந்தது. எழுந்தால் பத்து அடி.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். அவள் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, ரப்பர்ப் பால் கறை படிந்து மஞ்சளாகிப்போன வெள்ளைச் சட்டை, அவள் "சார்" என்று இழுத்த இழுப்பு, இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. நானும் பீடோர் பக்கத்து லயத்தில்தான் பிறந்தேன். பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஈப்போக்காரன் என்றே சொல்லிக்கொண்டேன். உனக்கே பன்னிரண்டு வயதில்தான் சொன்னேன், அதுவும் வெளியில் சொல்லாதே என்று எச்சரித்து.

மூன்றாம் தடவை அவள் வந்தபோது தலைமையாசிரியர் என் அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் விரட்டப் பிடிக்காமல், பத்து நிமிடம் என்று உள்ளே விட்டேன். அவர் எழுந்து போனார். அவள் அட்டைப் பெட்டியில் தேடினாள். யாரும் சொல்லித்தரவில்லை, தானே கண்டுபிடித்துவிட்டாள். அட்டையில் எண் இருந்தது. கோப்பை எடுத்துப் பிரித்தாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பிறகு கோப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"சார், அட்டையில இருக்கு. ஃபைல்ல இல்ல."

திருடியவள் வந்து சொல்ல மாட்டாள். அந்த நிமிடமே எனக்கு அது தெரியும், தம்பி. இதை நன்றாகப் படித்துக்கொள். ஏமாந்து போய் நான் அவளைச் சந்தேகிக்கவில்லை. அவள் எடுக்கவில்லை என்றால் வேறு யார்? ஆசிரியர்கள். ஏ வகுப்பு. நீ. அந்தப் பக்கம் யோசிக்க எனக்கு மனமில்லை. அவளைப் பிடிப்பது சுலபம்.

"பையைக் கொட்டு," என்றேன்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தன் பையைத் தன் கையாலேயே மேசையில் கவிழ்த்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு டப்பாவில், சீப்பு, நான்கு நோட்டு. ஒரு நோட்டில் அந்தக் கோப்பில் இருந்த மற்ற விபத்துச் செய்திகளின் தலைப்பையும் தேதியையும் அந்தப் பத்து நிமிடத்தில் எழுதி வைத்திருந்தாள். யாரைக் கேட்டு எழுதினாய் என்று அந்தத் தாளைக் கிழித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீ முன்னால் நின்றாய், மாணவர் தலைவனுக்குரிய பிரிஃபெக்ட் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு.

"யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

நீதான் பதில் சொன்னாய். "சி கிளாஸ் பசங்க எப்பவும் இப்படித்தானே சார்."

பள்ளியில் நீ என்னை சார் என்றுதான் கூப்பிடுவாய்.

"தோட்டத்துப் புத்தி எங்க போகும்?" என்றேன் நான். அவள் அதுவரை தலையைக் குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். சத்தமில்லாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீங்களும் தோட்டந்தானே சார்? எங்க அப்பாவுக்கு உங்க அப்பாவத் தெரியும்," என்றாள்.

அறைந்தேன். கிழங்கு டப்பா தரையில் விழுந்து உருண்டது. அதைப் பொறுக்கக்கூட விடாமல் அலுவலகத்துக்கு இழுத்துப் போனேன். மறுநாள் மாமாவை வரச் சொன்னார்கள். நகராட்சியில் தெருக் கூட்டுகிறவர். அரை நாள் வேலையை விட்டு வந்த கோபம் அவருக்கு. என்ன ஏது என்று கேட்காமல் அலுவலக வராந்தாவிலேயே அவளை இடுப்பு வாரால் விளாசினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மண்டபத்தில் மாணவர் படைப்புகளின் கண்காட்சி. தோட்ட வாழ்க்கையைப் பற்றி நீ செய்த தொகுப்புக்கு முதல் பரிசு. தலைமையாசிரியர் என் தோளைத் தட்டி, மகன் அப்பாவை உரித்து வைத்திருக்கிறான் என்றார். நான் "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொல்லிக்கொண்டே உன் தொகுப்பைப் புரட்டினேன். ஆபத்துகள் என்ற தலைப்பின் கீழ் அந்தச் செய்தி ஒட்டியிருந்தது. ஓரத்தைக் கத்தரித்திருந்தாய், ஆனால் முழுக்கக் கத்தரிக்கவில்லை. என் சிவப்பு எண்ணின் பாதி அப்படியே இருந்தது. கோடு மட்டும் கொஞ்சமும் கோணவில்லை.

விருந்தினர்கள் போகும்வரை அந்தத் தொகுப்பை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பிளேடால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்தேன். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நீ தொகுப்பைத் திறந்து பார்த்தாய், அறுந்த பக்கத்தின் அடியை விரலால் தடவினாய், என்னைப் பார்த்தாய், மூடி வைத்தாய். நீயும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நாம் பேசியிருந்தால் ஒரு குடும்பம் வீட்டை இழந்திருக்காது. நேரம் இருந்தது. லயத்தைக் காலி செய்ய அவர்களுக்கு மாதக் கடைசிவரை தவணை இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

உன் அம்மாவுக்கு மட்டும் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு, "புந்தோங் எவ்ளோ தூரம்? சைக்கிள எடுங்க, குடுத்துட்டு வந்துருங்க," என்றாள்.

"குடுத்தா எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்கலா. பையன் பேரு என்ன ஆகும்? அவன் பாஸாகி ஆறாம் பாரம் படிக்கப் போகணும்."

"அந்தப் புள்ள பேரு?"

நான் அந்தச் செய்தியை மடித்து என் பெட்டிக்குள் வைத்தேன். அதன் பிறகு அவள் நமக்குப் பசை காய்ச்சித் தரவில்லை. ஏன் என்று நீயும் கேட்டதில்லை. நறுக்குகளை ஒட்டக் கடையில் பசை வாங்கினோம்.

இத்தனை வருடமும் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுக்கிற வீடுகளில் ஒன்றில் வேலை செய்கிறாள். கடலையும் பட்டாணியும் முறுக்கும் மூட்டை மூட்டையாகப் போகிற தெரு அது. ஒரு தடவை கோயிலில் தேர் பார்க்கப் போனபோது எதிரில் வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. நான் ஒரு பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஆசிரியராக இருந்தவன், ஓய்வு பெற்றபோது மாலை வாங்கியவன், கரும்புச்சாறு விற்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு புந்தோங்குக்குப் பஸ் ஏறினேன்.

மதியம். பெரிய வாணலியில் பருப்பு பொரிந்துகொண்டிருந்தது. மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்து சொத்தைக் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க சார்," என்று எழுந்தாள். நாற்காலி போட்டாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. உறையை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பிரித்தாள். வெளிச்சத்துக்குப் போய் நின்று, மெதுவாக, கடைசி வரிவரைக்கும் படித்தாள்.

"அப்பா பேரு சரியா போட்டிருக்காங்க," என்றாள். "வேலைக்குப் போனவங்கன்னும் போட்டிருக்காங்க."

"ஆமாம்மா."

"அம்மா போய்ட்டாங்க சார். லயத்த விட்டு வந்து ஒரு வருஷங்கூட இருக்கல. கிராணியும் செத்துட்டாரு. எஸ்டேட்டையும் வித்துட்டாங்க, தாமான் வீடுங்க கட்டுறாங்க அங்க. இத இப்ப யார்கிட்ட காட்டச் சொல்றீங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"யாரு சார் எடுத்தது?"

இதற்காகத்தான் தம்பி போனேன். சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "தெரியலம்மா. பழைய பேப்பரக் கெளறினப்ப கெடச்சுச்சு."

சிரித்தாள். கோபச் சிரிப்புகூட இல்லை. "இன்னும் அப்படியேதான் இருக்கீங்க சார். உங்க மகன்தான் எடுத்தாரு. நான் மொதத் தடவ வந்து வாசல்ல நிக்கிறேன், அவரு நோட்டுக்குள்ள ஒரு பேப்பர வச்சுகிட்டு வெளிய வராரு. செவப்பு மை தெரிஞ்சுச்சு. அது எங்க அப்பா நியூஸ்னு எனக்கு அப்பத் தெரியாது. ஃபைலப் பாத்த பின்னாலதான் தெரிஞ்சுச்சு."

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க? பையக் கொட்டச் சொன்னீங்க. கொட்டுனேன். அப்புறம் அடிச்சீங்க."

கடலை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றுவிட்டது. வாணலியை யாரோ இறக்கினார்கள். தம்பி, நீ இப்போது என்ன செய்கிறாய் என்று அவளே கேட்டாள். ஆசிரியர் என்றேன், பள்ளியின் பெயரைச் சொன்னேன், வள நிலையத்துக்கு நீதான் பொறுப்பு என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. அந்த இடத்திலும் இருந்தது. அவள் முகம் மாறியது.

"என் மக அந்த ஸ்கூலுக்குத்தான் போறா சார், வர்ற வருஷம். தமிழ்ப்பள்ளி முடிச்சுட்டு புகுமுக வகுப்பு."

எனக்கு ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. "பேரு என்னம்மா? சொல்லு. நான் தம்பிகிட்ட சொல்றேன். எந்தப் புத்தகம் வேணும்னாலும், கம்ப்யூட்டரு வேணும்னாலும்..."

"வேணாம் சார்." கையை உயர்த்தித் தடுத்தாள். "பேரு சொன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும். மூஞ்சப் பாத்து பயந்துகிட்டு அவளுக்கு மட்டும் எல்லாத்தையும் தொறந்து விடுவாரு. இல்லாட்டி அவ அந்தப் பக்கமே வராம பாத்துக்குவாரு. என் புள்ளைக்கு ரெண்டும் வேணாம்லா. எல்லாப் பிள்ளைங்க மாதிரி போவட்டும். போயி கேக்கட்டும். என்னா சொல்றாருன்னு பாப்போம்."

செய்தியை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். குடித்துவிட்டு எழுந்தேன். சந்து முனையில் தமிழ்ப்பள்ளிச் சீருடையில் நாலைந்து பெண் பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி அந்த வீட்டுக்குள் திரும்பியிருக்கலாம். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பார்த்துவிட்டால் உன்னிடம் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே உனக்குச் சொல்ல என்னிடம் பெயர் இல்லை. மாணவர் பதிவேட்டில் தாயின் பெயரை வைத்துத் தேடலாம் என்று உனக்குத் தோன்றும். தேடுவதில் நீ என் மகன்தானே. தேடாதே. அந்தத் தாயின் பெயர் புந்தோங்கில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கிறது. தப்பான பிள்ளையிடம் போய் நல்லவனாக நடிப்பாய். அந்தக் கணினிக்கு ஒரு ரகசியச் சொல் இருக்கும், அதை யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்று உன்னைத்தான் முடிவு செய்யச் சொல்வார்கள். நல்ல வகுப்புக்கு முதலில் கொடுப்போம், மற்றவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று கூட்டத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். ஒருவேளை நீயே ஆரம்பிப்பாய். அவர்கள் தலையாட்டுவார்கள். என்னுடைய கூட்டத்திலும் ஆட்டினார்கள்.

உன் அம்மா இருந்திருந்தால் இதை இத்தனை கொடுமையாக எழுத விட்டிருக்க மாட்டாள். அவனும் சின்னப் பையன்தானே என்றிருப்பாள். பதினேழு வயது. எனக்கு நாற்பத்து மூன்று. என் குற்றம் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை, அதைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் உன்னுடையதை நான் சுமந்து கழிக்க முடியாது. எனக்குப் பதில் எழுதாதே. விளக்கம் வேண்டாம். தீபாவளிக்கு வந்தால் வா, சாப்பிடலாம், இதைப் பேச வேண்டாம்.

ஜனவரியில் பள்ளி திறக்கும். எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு, பெரிய சைஸ் சீருடை போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பெண் பிள்ளைகளாவது உன் வாசலில் வந்து நிற்பார்கள். "சார், இது எங்க சார் கெடைக்கும்?" என்று கேட்பார்கள். அவர்களில் அஞ்சலை மகளின் முகம் எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் உன்னைத் தெரியும். அவளுடைய அம்மா சொல்லித்தான் அனுப்புவாள்.

அப்பா